புலம்பெயர் பண்ணைத் தொழிலாளர் பிள்ளைகளின் முதலாம் ஆண்டுக் கல்லூரிப் படிப்புக்கு மானியம் பெறும் முறை

வாஷிங்டன் மாநிலத்தின் யக்கிமா பள்ளத்தாக்கில் ஆப்பிள் பறிப்பு ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் முடியும்வரை நடக்கிறது. அங்குள்ள கல்லூரிகள் திறப்பதும் இதே மாதங்களில்தான். டெக்சாசின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் வீடு வைத்திருக்கும் குடும்பங்கள் பல, கோடையில் மிச்சிகன் போன்ற வட மாநிலங்களின் செர்ரி, புளூபெரி தோட்டங்களுக்குப் போய், இலையுதிர் காலத்தில் ஊர் திரும்புகின்றன. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது, கட்டணம் என்ற புதுச் செலவு வருவதோடு, ஆண்டிலேயே அதிகக் கூலி கிடைக்கும் வாரங்களில் சம்பாதிக்கும் கை ஒன்றும் குறைந்துவிடுகிறது. அறுவடை நாட்காட்டியும் கல்லூரி நாட்காட்டியும் மோதிக்கொள்ளும் இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள். அவர்களுக்காக மானியம் கேட்டு எழுதுகிறவர் தம் விண்ணப்பத்தையும் அங்கிருந்தே தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்கக் கல்லூரிகளின் மானிய அலுவலகங்களிலும், மாணவர் தரவுப் பிரிவுகளிலும், சமூக சேவை நிறுவனங்களிலும் வேலை செய்யும் தமிழர்களிடம் இத்தகைய விண்ணப்பம் எழுதும் பொறுப்பு சில வேளைகளில் வந்து சேர்கிறது. இந்தக் குறிப்புகளை முதன்மையாக அவர்களுக்காக எழுதுகிறேன். மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் செய்திகளும் இடையிடையே உண்டு.

பணம் யார் கைக்குப் போகிறது

இந்தப் பிள்ளைகளுக்கென்றே அமெரிக்க மத்திய அரசு நடத்தும் திட்டத்தின் பெயர் காலேஜ் அசிஸ்டன்ஸ் மைக்ரன்ட் புரோகிராம். சுருக்கமாக கேம்ப் என்பார்கள். 1972-ல் தொடங்கிய இத்திட்டம் இன்று 1965-ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் 418ஏ பிரிவின் கீழ் கல்வித் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஆஸ்டின் நகரின் செயின்ட் எட்வர்ட்ஸ் பல்கலைக்கழகம் அந்த முதல் ஆண்டிலிருந்தே இதை நடத்தி வந்த நிறுவனம். உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் விட்டவர்களுக்கு அதற்கு இணையான சான்றிதழ் பெற உதவும் ஹெப் என்ற திட்டமும் இதே சட்டப் பிரிவில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே பேசப்படுவதால் குழம்பிக்கொள்ளக் கூடாது. ஹெப் பள்ளிச் சான்றிதழுக்கானது, கேம்ப் கல்லூரியின் முதலாம் ஆண்டுக்கானது.

கேம்ப் மானியம் மாணவருக்கு நேரடியாகத் தரப்படுவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். கல்லூரியோ, கல்லூரியுடன் சேர்ந்து இயங்கும் இலாப நோக்கற்ற தனியார் அமைப்போ போட்டியில் கலந்துகொண்டு 5 ஆண்டுகளுக்கு மானியம் பெறுகிறது. அந்த நிறுவனம் தன் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, செலவுக்கான மாதப் படியும் பாடத்துணையும் ஆலோசனையும் தருகிறது. ஆகவே ஒரு மாணவர் செய்யக்கூடியது, தான் சேர நினைக்கும் கல்லூரியில் கேம்ப் அலுவலகம் இருக்கிறதா என்று பார்த்து, கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தோடு கேம்ப் விண்ணப்பத்தையும் தனியாகக் கொடுப்பதுதான். சேர்க்கை கிடைத்தாலே கேம்ப் உதவியும் தானாக வந்துவிடும் என்று நம்பி இருந்துவிடும் குடும்பங்கள் பல உண்டு. அந்த நம்பிக்கையில் ஓர் ஆண்டு உதவி கைநழுவிப் போகிறது. கேம்ப் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு மட்டுமே உரியது என்பதால் அந்த இழப்பைப் பிறகு ஈடுசெய்ய முடியாது.

நிறுவனங்கள் எழுதத் தொடங்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளவேண்டும். 2026 நிதியாண்டுக்காக அதிபர் முன்வைத்த வரவு செலவுத் திட்டம் ஹெப், கேம்ப் இரண்டுக்கும் நிதியே ஒதுக்க வேண்டாம் என்றது. ஒதுக்கீடு ஆண்டுதோறும் நாடாளுமன்றம் எடுக்கும் முடிவு. ஆகவே பழைய ஆண்டின் அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உழைப்பதற்கு முன், இந்த ஆண்டுக்கான போட்டி அறிவிப்பு அரசின் நாளேடான ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளிவந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். கேம்ப் திட்டத்தின் எண் 84.149ஏ. அந்த எண்ணைக் கொண்டு தேடினால் உரிய அறிவிப்பு கிடைக்கும். அறிவிப்பு வரவில்லை என்றாலும் கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை வீண் போகாது; மாநில அரசிடமோ ஓர் அறக்கட்டளையிடமோ கேட்கும்போதும் இதே கேள்விகளுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

75 நாள் கணக்கு

ஒரு மாணவர் கேம்ப் உதவிக்குத் தகுதி பெற மூன்று வழிகள் உள்ளன. கடந்த 24 மாதங்களில் மாணவரோ அவருடைய நெருங்கிய குடும்பத்தினரில் ஒருவரோ குறைந்தது 75 நாள் புலம்பெயர் அல்லது பருவகாலப் பண்ணைத் தொழிலாளராக வேலை செய்திருப்பது முதல் வழி. மாணவர் பள்ளி நாள்களில் அரசின் புலம்பெயர் கல்வித் திட்டத்தில் பங்கேற்றிருப்பதோ இப்போது அதில் பங்கேற்கத் தகுதியுடன் இருப்பதோ இரண்டாவது வழி. தொழிலாளர் துறை நடத்தும் தேசியப் பண்ணைத் தொழிலாளர் வேலைத் திட்டத்தில் பங்கேற்றிருப்பதோ பங்கேற்கத் தகுதியுடன் இருப்பதோ மூன்றாவது வழி. இவற்றோடு, மாணவர் முழுநேரமாகச் சேர்ந்திருக்கவேண்டும் அல்லது சேர்க்கை பெற்றிருக்கவேண்டும். முதலாம் ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. கல்வித் துணையும் பணத் துணையும் அவருக்குத் தேவை என்பது தெரியவேண்டும்.

எளிமையாகத் தோன்றும் இந்த விதியில்தான் புதிய திட்டங்கள் அதிகம் சறுக்குகின்றன. ஆகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

75 நாள் தொடர்ச்சியாக இருக்கவேண்டியதில்லை. வசந்தத்தில் அஸ்பாரகஸ் அறுத்த 20 நாள், கோடையில் செர்ரி பறித்த 25 நாள், இலையுதிர் காலத்தில் ஆப்பிள் பறித்த 30 நாள் என்று சேர்த்து எண்ணலாம். பயிர் வேலை மட்டுமே கணக்கில் சேரும் என்பதும் தவறு. பயிர்களையும் கால்நடை, கோழி, பால் பொருள்களையும் உற்பத்தி செய்வதோடு நேரடித் தொடர்புள்ள வேலை, மரம் வளர்ப்பு, மீன் பண்ணை வேலை ஆகியவையும் விதிகளில் இடம்பெறுகின்றன. ஆனால் அந்த வேலை தற்காலிகமாகவோ பருவத்தைச் சார்ந்தோ இருக்கவேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே பால் பண்ணையில் மாடு கறக்கும் தந்தையின் மகள் எவ்வளவு வறுமையில் இருந்தாலும், முதல் வழியில் தகுதி பெறுவது கடினம். அவளுக்கு வேறு வழி இருக்கிறதா என்று உடனே பார்க்கவேண்டுமே தவிர, படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து மறுப்பது பெரிய அநீதி.

பருவகாலத் தொழிலாளர், புலம்பெயர் தொழிலாளர் என்ற இரண்டுக்கும் இடையே வேறுபாடு உண்டு. வேலைக்காகப் போன இடத்திலிருந்து அதே நாளில் தன் நிரந்தர வீட்டுக்குத் திரும்ப முடியாத பருவகாலத் தொழிலாளரையே விதிகள் புலம்பெயர் தொழிலாளர் என்கின்றன. கேம்ப் தகுதிக்கு இரண்டில் எது இருந்தாலும் போதும். தினமும் இரவில் வீடு திரும்பும் திராட்சைத் தோட்டத் தொழிலாளியின் மகனும் தகுதி பெறலாம் என்பது பல பள்ளி ஆலோசகர்களுக்கே தெரிவதில்லை. திட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் யாரும் ஊர்விட்டு ஊர் போவதில்லையே என்று விட்டுவிடுகிறார்கள்.

நெருங்கிய குடும்பத்தினர் என்பது பெற்றோரோடு முடிந்துவிடுவதில்லை. கணவன் அல்லது மனைவி, வளர்ப்புப் பெற்றோர், சட்டப்படியான பாதுகாவலர் ஆகியோரும் அடங்குவர். மாணவரைத் தம் வருமான வரிக் கணக்கில் சார்ந்திருப்பவராகக் காட்டியவரும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாணவரின் செலவில் பாதிக்குக் குறையாமல் ஏற்பவரும் கணக்கில் வரலாம். ஆகவே பேத்தியைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் பாட்டியின் வேலை நாள்களையும் விசாரிக்கவேண்டும். மாணவரின் சொந்த வேலையும் சேரும். அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் பண்ணை வேலைக்குப் பிற வேலைகளைவிடக் குறைந்த வயது வரம்பை வைத்திருப்பதால், பெற்றோர் சம்மதத்துடன் 12 வயதிலேயே பள்ளி நேரத்துக்கு வெளியே வயலில் இறங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளியின் கடைசி இரண்டு கோடை விடுமுறைகளில் அவர்கள் செய்த வேலையே 75 நாளை எட்டிவிடக்கூடும்.

சான்றாகக் கூலிச் சீட்டு, வரி அலுவலகத்துக்கான ஆண்டு வருமானப் படிவம், வேலை கொடுத்தவரின் கடிதம் ஆகியவற்றைக் கேட்கலாம். குழுத் தலைவர் ஒருவரின் கீழ் ரொக்கக் கூலிக்கு வேலை செய்த குடும்பத்திடம் இவற்றில் ஒன்றும் இருக்காது. அங்கேதான் இரண்டாவது வழியின் அருமை தெரிகிறது. புலம்பெயர் கல்வித் திட்டம் சேர்த்துக்கொண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளி மாவட்டம் தகுதிச் சான்றிதழ் ஒன்றைப் பதிவு செய்து வைத்திருக்கும். மாநிலம் மாறினாலும் பதிவுகளைத் தேடி எடுக்க எம்சிக்ஸ் என்ற நாடு தழுவிய மாணவர் தகவல் பரிமாற்ற அமைப்பு இருக்கிறது. ஹெப் திட்டத்துக்கு அந்தப் பங்கேற்பு கடந்த 24 மாதத்துக்குள் இருக்கவேண்டும் என்று விதி சொல்கிறது. கேம்ப் திட்டத்துக்கு அந்தக் கால வரம்பு இல்லை. நான்காம் வகுப்பில் பதிவான ஒரு சான்றிதழ் பதினெட்டு வயதில் கல்லூரிக் கதவைத் திறக்கலாம். ஆகவே விண்ணப்பம் எழுதும்போதே அருகிலுள்ள பள்ளி மாவட்டங்களின் புலம்பெயர் கல்வி அலுவலர்களோடு எழுத்து வடிவில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். பதிவை யார் தேடுவார், எத்தனை நாளில் அனுப்புவார், மாணவரின் சம்மதக் கடிதம் எந்த வடிவில் இருக்கும் என்பவை அதில் இருக்கட்டும். மனமார ஆதரிக்கிறோம் என்று மட்டும் சொல்லும் கடிதங்கள் பத்து இருப்பதைவிட இப்படிப்பட்ட உடன்பாடு ஒன்று இருப்பது மேல்.

குடியேற்ற நிலை பற்றி மிகுந்த கவனம் தேவை. அமெரிக்கப் பயிர்த் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு வேலை செய்யும் சட்ட அனுமதி இல்லை என்று தொழிலாளர் துறையின் பண்ணைத் தொழிலாளர் ஆய்வுகள் காட்டிவருகின்றன. பெற்றோருக்கு அனுமதி இல்லாமலும் பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகவும் இருக்கும் வீடுகள் ஏராளம். உதவி பெறும் மாணவரின் நிலை மத்திய அரசின் விதிகளுக்குப் பொருந்தவேண்டும். பெற்றோரின் நிலை இத்தகுதிக்குத் தேவையே இல்லை. தேவையில்லாத அந்தத் தகவலைக் கேட்காதீர்கள், கேட்காமலே கிடைத்தாலும் எழுதி வைக்காதீர்கள். சேர்க்கைப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தால் அதை நீக்குங்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்த தாய் படிவத்தை மடித்து வைத்துவிடுவார், ஏன் வைத்தார் என்று யாருக்கும் சொல்லமாட்டார்.

தேவையை எழுதும் விதம்

விண்ணப்பங்களை மதிப்பிடும் அளவைகள் அறிவிப்பிலேயே மதிப்பெண்களோடு தரப்பட்டிருக்கும். திட்டத்தின் தேவை, வடிவமைப்பின் தரம், சேவைகளின் தரம், பணியாளர், வளங்களின் போதுமை, நிர்வாகத் திட்டம், மதிப்பீட்டு முறை என்பவை வழக்கமாக இடம்பெறும். மதிப்பிடுவோர் அந்த வரிசையிலேயே படித்து மதிப்பெண் இடுவதால், நீங்களும் அதே வரிசையில், அதே தலைப்புகளில் எழுதுங்கள். அழகான கட்டுரை ஒழுங்குக்காக வரிசையை மாற்றினால் உரிய மதிப்பெண் உரிய இடத்தில் விழாமல் போகும்.

தேவைப் பகுதியில், நான் உட்படப் பலரும் தொடக்கத்தில் செய்யும் தவறு, மாவட்டத்தின் வறுமை விகிதத்தையும் பட்டம் பெற்றோர் விகிதத்தையும் அடுக்கி வைப்பது. நான் முதலில் எழுதிய விண்ணப்பம் ஒன்று அப்படித்தான் தோற்றது. இவை மாவட்டம் முழுமைக்குமான எண்கள், பண்ணைத் தொழிலாளர் பிள்ளைகளைப் பற்றி இவை ஒன்றும் சொல்லவில்லை என்று மதிப்பிட்டவர் எழுதியிருந்தார். அது சரியான விமர்சனம். வேளாண் துறை 5 ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கும் வேளாண் கணக்கெடுப்பு, கூலித் தொழிலாளர் பற்றியும் புலம்பெயர் தொழிலாளர் பற்றியும் உங்கள் மாவட்ட அளவிலேயே தரவு தருகிறது. அண்மைய கணக்கெடுப்பு 2022-ஆம் ஆண்டுக்கானது. பள்ளி மாவட்டங்களின் புலம்பெயர் கல்வித் திட்டத்தில் 12-ஆம் வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் பள்ளியை முடித்தார்கள், எத்தனை பேர் உங்கள் கல்லூரியில் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் பருவத்துக்குத் திரும்பி வந்தார்கள் என்ற சங்கிலியைக் கட்டுங்கள். எந்தக் கண்ணியில் அதிகம் பேர் விடுபடுகிறார்களோ அதுவே உங்கள் தேவை. அந்த இடத்தில் இன்ன காரணத்தால் விடுபடுகிறார்கள் என்பதற்கு மாணவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

காரணங்களைப் பொதுவாகச் சொல்லாமல் வேலையின் தன்மையோடு சேர்த்துச் சொல்லுங்கள். 1938-ன் நியாயத் தொழில் தரச் சட்டம் பண்ணைத் தொழிலாளரை வெளியே விட்டது; மிகைநேரக் கூலி உரிமை மத்தியச் சட்டத்தில் அவர்களுக்கு இன்றுவரை இல்லை, சில மாநிலங்கள் மட்டும் தந்திருக்கின்றன. உறைபனி விழுந்து செர்ரி கருகினால் அந்த ஆண்டு வருமானம் கருகிவிடும். பள்ளி ஆண்டின் நடுவே ஊர் மாறியதால் ஒரே இயற்கணிதப் பாடத்தை இரண்டு மாநிலங்களில் பாதி பாதியாகப் படித்த மாணவர், கல்லூரிக் கணிதத்தில் தடுமாறுவதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. இப்படிக் காரணம் தெளிவானால், அதற்கு நீங்கள் தரப்போகும் சேவையும் தானே தெளிவாகும்.

ஆண்டைக் கட்டுவது

அனுமதிக்கப்பட்ட சேவைகளை விதிகள் தாராளமாகவே சொல்கின்றன. மாணவரைத் தேடிச் சேர்த்தல், பாட, வாழ்க்கை, தொழில் ஆலோசனை, பாடத்துணை, உடல்நல உதவி, மாதப் படி, கல்விக் கட்டணம், புத்தகம், பயணம், தங்குமிடமும் உணவும், வேலைப் பயிற்சி, பண்பாட்டு நிகழ்வுகள் வரை அதில் உண்டு. எல்லாவற்றையும் பட்டியலிட்டு எழுதிய விண்ணப்பத்தில் எதுவும் மனத்தில் நிற்காது. ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, மேல் வரியில் உங்கள் பகுதியின் பயிர்களையும் கீழ் வரியில் கல்லூரியின் முக்கிய நாள்களையும் குறியுங்கள். இரண்டும் மோதும் வாரங்களில் என்ன செய்வீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

எடுத்துக்காட்டாக, மத்திய அரசின் மாணவர் உதவித் தொகை பொதுவாகப் பருவம் தொடங்கும் நேரத்தில்தான் மாணவர் கைக்கு வருகிறது, சரிபார்ப்பு என்று ஏதாவது நின்றுவிட்டால் வாரக்கணக்கில் தாமதமாகிறது. விடுதி முன்பணமும் புத்தகமும் பேருந்துச் சீட்டும் அதற்கு முன்பே வேண்டும். அறுவடை வாரங்களில் வீடு அனுப்பும் பணமும் இல்லை, மகனின் கூலியும் இல்லை. ஆகவே கேம்ப் மாதப் படியின் முதல் தவணை வகுப்புத் தொடங்கும் முதல் வாரத்திலேயே போய்ச் சேர என்ன ஏற்பாடு, அதற்குக் கல்லூரிக் கணக்கு அலுவலகத்தில் யார் கையெழுத்து, எந்த நாளுக்குள், என்று எழுதுங்கள். இந்த ஒரு பத்தி மற்றப் பத்துப் பத்திகளைவிட மதிப்பிடுவோரிடம் அதிகம் பேசும். முதல் ஆறு வாரங்களில் வாரம் ஒரு முறை ஆலோசகரைச் சந்திப்பது, முதல் தேர்வுக்கு முன்பே கணிதப் பாடத்துணையைத் தொடங்குவது, பெற்றோருக்கான அறிமுக நாளை அறுவடைக்கு இடையே ஒரு ஞாயிறு மாலையில், அவர்கள் பேசும் மொழியில் நடத்துவது ஆகியவையும் அந்தத் தாளிலிருந்தே பிறக்கும். மொழி என்று சொல்லும்போது ஸ்பானிஷ் மட்டும் போதும் என்று எண்ணவேண்டாம். மெக்சிகோவின் ஒஹாக்கா பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் பலவற்றின் வீட்டு மொழி மிக்ஸ்டெக்கோ. அவர்களுக்கு ஸ்பானிஷும் கற்றுக்கொண்ட மொழிதான்.

இரண்டாம் ஆண்டைப் பற்றியும் இப்போதே எழுதவேண்டும். முதலாம் ஆண்டு முடிந்தவர்களுக்கான தொடர் சேவைகளுக்கு மானியத்தில் 10 சதவீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்பது சட்டம். படி நின்றுவிடும் அந்தக் கோடையில் மாணவர் மீண்டும் வயலுக்குப் போய், திரும்பாமலும் இருந்துவிடலாம். ஆகவே முதல் ஆண்டின் வசந்தப் பருவத்திலேயே அடுத்த ஆண்டு உதவிப் படிவத்தை ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து நிரப்புவது, கல்லூரிக்குள்ளேயே பகுதிநேர வேலை பிடித்துத் தருவது, கல்லூரியின் மற்ற ஆதரவுத் திட்டங்களுக்கு ஆளறிமுகத்தோடு கைமாற்றுவது ஆகியவற்றைச் செலவில்லாத தொடர் சேவைகளாகச் சேர்க்கலாம்.

கணக்கு

ஒரு கேம்ப் மானியம் ஆண்டுக்குக் குறைந்தது 1,80,000 டாலர் என்று சட்டம் சொல்கிறது. மேல்வரம்பை அந்தந்த ஆண்டின் அறிவிப்பு சொல்லும். கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற கல்லூரியின் மறைமுகச் செலவுகளுக்கு 8 சதவீதம் மட்டுமே எடுக்கலாம். ஆராய்ச்சி மானியங்களில் இதைவிடப் பல மடங்கு எடுத்துப் பழகிய நிர்வாகத்திடம் இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த 8 சதவீதமும் மாணவர் படி, கல்விக் கட்டணம் போன்றவற்றைக் கழித்துவிட்ட தொகையின் மேல்தான் கணக்கிடப்படுகிறது.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 மாணவர், பணியாளர் சம்பளமும் சலுகைகளும் 2,50,000 டாலர், பாடத்துணை, பயணம், பயிற்சி 45,000, மாணவருக்கு நேரடியாக ஆளுக்கு 2,500 வீதம் 1,00,000. மறைமுகச் செலவு முதல் இரண்டின் கூட்டுத்தொகையான 2,95,000-த்தில் 8 சதவீதம், அதாவது 23,600. மொத்தம் 4,18,600 டாலர், மாணவர் ஒருவருக்கு 10,465. இந்தக் கணக்கில் மாணவர் கைக்கு நேரே போவது மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதைக் கவனியுங்கள். ஆலோசகரும் பாடத்துணையும் தேவையே, அதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு சம்பள வரியையும் எழுதும்போது, இந்தத் தொகை ஒரு மாணவரைப் பருவத்தின் நடுவே ஊருக்குத் திரும்பாமல் நிறுத்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரி தன் பங்காக நிதி தரவேண்டும் என்ற கட்டாயம் இத்திட்டத்தில் இல்லை. தானாக முன்வந்து தருவதாக எழுதினால் மட்டும், மானியம் கிடைத்தபின் அது ஆண்டுதோறும் நிறைவேற்றவேண்டிய கடமையாகிவிடும். மதிப்பெண்ணுக்காக வாக்குறுதி எழுதிவிட்டுப் பிறகு திணறாதீர்கள். அறையும் கணினியும் போன்ற, நிச்சயமாகத் தரக்கூடியவற்றை மட்டும் எழுதுங்கள்.

எத்தனை பேர் என்பதிலும் அடக்கம் வேண்டும். பங்கேற்பாளர்களில் முதலாம் ஆண்டை முடிப்பவர் விகிதம் ஓர் அளவுகோல். முடித்தவர்களில் படிப்பைத் தொடர்பவர் விகிதம் மற்றொன்று. முதல் அளவுகோலுக்கு அண்மைய அறிவிப்புகளில் தரப்பட்ட தேசிய இலக்கு 86 சதவீதம். 40 பேரைச் சேர்த்தால் 35 பேர் முடிக்கவேண்டும். 6 பேர் நின்றாலே இலக்கு தவறிவிடும். மானியத்தைப் பெரிதாகக் காட்ட 60 பேர் என்று எழுதிவிட்டு, அத்தனை தகுதியுள்ளவர்களைக் கண்டுபிடிக்க முடியாமல் முதல் ஆண்டிலேயே பின்தங்கிய திட்டங்கள் உண்டு. அடுத்தடுத்த ஆண்டுத் தொகை, போதிய முன்னேற்றம் காட்டுவதைப் பொறுத்தே வருகிறது.

பணியாளரும் பழைய அனுபவமும்

புலம்பெயர் தொழிலாளர் குடும்பங்களின் தேவைகளை அறிந்தவர்களைப் பணியில் அமர்த்துவதற்கான ஏற்பாட்டையும், பணியாளர் பயிற்சியையும் நிர்வாகத் திட்டத்தில் காட்டவேண்டும் என்பது விதி. இதை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடாமல், வேலை விளம்பரத்தில் என்ன தகுதி கேட்பீர்கள் என்றே எழுதுங்கள். முன்பு கேம்ப் மாணவராக இருந்து பட்டம் பெற்றவரை மாணவர் சேர்ப்பாளராக அமர்த்துவது நல்ல வழக்கம். வயல் ஓரத்தில் நின்று ஒரு தந்தையிடம் பேசும்போது அவர் சொல்லுக்கு இருக்கும் எடை வேறு யார் சொல்லுக்கும் இராது.

முன்பே ஹெப் அல்லது கேம்ப் நடத்தி நல்ல பலன் காட்டிய நிறுவனங்களுக்கு 15 வரை கூடுதல் மதிப்பெண் தரப்படுகிறது. புதிதாக வருபவர் அந்த அளவு பின்னால் நின்றே ஓட்டத்தைத் தொடங்குகிறார். அதைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. ஆனால் மற்ற அளவைகளில் ஒரு மதிப்பெண்ணையும் கவனக்குறைவால் இழக்க முடியாது. ஏற்கெனவே கேம்ப் நடத்தும் கல்லூரி ஒன்று அருகில் இருந்தால், அது சென்றடையாத பள்ளிகள் எவை என்று அவர்களிடமே பேசி, அந்தப் பகுதியை உங்களுடையதாக எழுதுங்கள்.

அனுப்புவது

சாம் என்ற அரசுப் பதிவேட்டில் நிறுவனத்தின் பதிவும் அதன் தனி அடையாள எண்ணும் நடப்பில் இருக்கவேண்டும். பதிவுக்கும் புதுப்பித்தலுக்கும் வாரங்கள் ஆகலாம் என்பதால், அறிவிப்பு வருமுன்பே இதை முடியுங்கள். விண்ணப்பம் கிராண்ட்ஸ் டாட் கவ் தளத்தில் போகிறது. கடைசி நேரம் நாட்டின் கிழக்குப் பகுதி நேரப்படி கணக்கிடப்படுவதால் கலிபோர்னியாவில் இருப்பவருக்கு மூன்று மணி நேரம் முன்பே முடிந்துவிடும். ஐந்து நாள் முன்னதாக அனுப்பி, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற உறுதிச் செய்தி வந்ததா என்று பாருங்கள்.

மானியம் இல்லாத கல்லூரியில்

கேம்ப் அலுவலகம் இல்லாத இடத்திலும் மாணவருக்குச் செய்யக்கூடியவை உண்டு. மத்திய அரசின் மாணவர் உதவிக்கான ஃபாஃப்சா படிவம் இலவசம். அதன் வழியாகக் கிடைக்கும் பெல் மானியத்தின் உச்ச அளவு 2025-26 கல்வியாண்டில் 7,395 டாலர். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரும் இணையக் கணக்குத் தொடங்கித் தம் பகுதியை நிரப்பலாம். இந்தப் படிவம் இரண்டு ஆண்டு முந்தைய வருமானத்தைக் கேட்கிறது. நல்ல விளைச்சல் இருந்த அந்த ஆண்டின் எண், பனியில் பயிர் போன இந்த ஆண்டின் நிலையைக் காட்டாது. அப்போது கல்லூரியின் உதவி அலுவலகத்தில் தொழில்முறை மறுபரிசீலனை கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். சூழ்நிலையைப் பார்த்துக் கணக்கை மாற்றும் அதிகாரம் சட்டப்படி அந்த அலுவலருக்கு உண்டு. கூலிச் சீட்டுகளையும், வேலை குறைந்தது பற்றி முதலாளி தரும் கடிதத்தையும் இணைக்கவேண்டும். குடியேற்ற நிலை காரணமாக ஃபாஃப்சா நிரப்ப முடியாத மாணவருக்குக் கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மாநில உதவிக்கான தனி விண்ணப்பம் இருக்கிறது.

கேம்ப் போட்டியில் தோற்ற நிறுவனம், மதிப்பிட்டவர்களின் குறிப்புகளைக் கல்வித் துறையிடமிருந்து பெற்றுக்கொள்ளவேண்டும். அவற்றை ஒவ்வொரு அளவைக்கும் தனித்தாளில் எழுதி, எந்தக் குறைக்கு எந்தத் தரவு இல்லாதது காரணம் என்று குறித்துக்கொண்டு, அந்தத் தரவைச் சேர்ப்பதை அடுத்த அறிவிப்புக்காகக் காத்திராமல் அடுத்த அறுவடையின்போதே தொடங்குங்கள். அந்த இலையுதிர் பருவத்தில் உங்கள் கல்லூரியில் சேரும் பண்ணைத் தொழிலாளர் பிள்ளைகள் பத்துப் பேரே இருந்தாலும், அவர்களின் தகுதிச் சான்றிதழை இப்போதே தேடிப் பெறுங்கள், முதல் ஆறு வாரம் வாராவாரம் சந்தியுங்கள், யார் எந்த வாரத்தில் எதற்காக வகுப்புக்கு வரவில்லை என்று எழுதி வையுங்கள். அடுத்த விண்ணப்பத்தின் தேவைப் பகுதிக்கு வேண்டிய தரவு அந்தக் குறிப்பேட்டில் இருக்கும்.